எஞ்சின் சொன்ன எண்கள்

அண்ணா,

உங்கள் சின்ன ரயில் எஞ்சின் சில நாளாக என் கடை மேசையில் இருந்தது. போன வெள்ளிக்கிழமை அக்கா அதைத் துண்டில் சுற்றி, மஞ்சள் பையில் வைத்து, எடப்பாடியிலிருந்து பஸ் ஏறிக் கொண்டுவந்தார்கள். துண்டைப் பிரித்ததும் எண்ணெய் வாசனை. தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயையே இதற்கும் போடுவீர்கள். வேண்டாம் அண்ணா, மோட்டார் கெட்டுப்போகும் என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய போன் கவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இத யாருக்கும் குடுக்கறதா இல்ல கண்ணு. நானே வெச்சுக்கறேன். அப்பப்ப ஓட்டிப் பாக்கோணும். ஆனா அந்தக் கீச்சுச் சத்தம் மண்டையப் பொளக்குது. அத மட்டும் கொறச்சுக் குடு" என்றார்கள்.

எழுந்து வாசல்வரை போனவர்கள் அங்கேயே நின்றார்கள். "கடைசி ஒரு வருசமா கட்டுன பொண்டாட்டி எங்கூட மொகங்குடுத்தே பேசல கண்ணு. கூப்புட்டாத் திரும்பக்கூட மாட்டாரு. எம்மேல என்ன கோவம்னு சொல்லாமயே போயிட்டாரு. உங்கிட்ட எதாச்சும் சொன்னாரா?"

என்னிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? மார்கழியிலிருந்து நீங்கள் என்னோடும்தான் பேசவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் முதல் முதலில் என் கடைக்கு வந்தது மழையில் நனைந்த ஒரு போனோடு. சேலத்தில் மொபைல் ரிப்பேர் கடையில் ஒரு பெண் உட்கார்ந்து சால்டரிங் வைப்பதைப் பார்த்தால், வருகிற ஆண்களில் பாதிப் பேர் ஓனர் எங்கே என்று கேட்பார்கள். நீங்கள் நேராக என்னிடமே நீட்டினீர்கள். "போனு போனாப் போகுது அம்மிணி. உள்ள இருக்கற சத்தம் மட்டும் வேணும்." போட்டோ வேண்டும் என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் வேண்டும் என்று வந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உள்ளே அத்தனையும் ரயில். இருபது வருஷத்துக்கு மேல் ரிக் வண்டியோடு வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர் நீங்கள். எந்த ஊர் ரயில்வே கேட்டில் வண்டி நின்றாலும் இறங்கி ஓடி, வருகிற எஞ்சினின் சத்தத்தைப் பிடித்துவைத்திருந்தீர்கள். அதையெல்லாம் மீட்டு ஒரு சின்ன மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து, ஒரு சாண் நீளத்தில் ஒரு டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தீர்கள்.

அதன் வயிற்றுக்குள் ஒரு டீகோடர், கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு போர்டு. தண்டவாளம் வழியாக வரும் கட்டளையை வாங்கிக்கொண்டு மோட்டாரை ஓட்டுவது, விளக்கைப் போடுவது, சத்தம் எழுப்புவது எல்லாம் அதுதான். அதிலிருந்த வெளிநாட்டுச் சத்தத்தை எடுத்துவிட்டு நம் ஊர் எஞ்சினின் சத்தத்தை ஏற்ற வேண்டும் என்றீர்கள். எனக்கு ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்களுக்குக் கம்ப்யூட்டர் ஆகாது. உங்கள் காதும் என் கையும் சேர்ந்து மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டின. "எஞ்சினு மொதல்ல மூச்சு உடோணும் அம்மிணி, அப்புறந்தான் நகரோணும். பட்டன அமுக்குனதும் ஓடறதுக்கு இதென்ன மிக்ஸியா?" என்பீர்கள். சத்தம் எழும்பி இரண்டு விநாடி கழித்துச் சக்கரம் உருளும்படி நான் மாற்றிக் கொடுத்த அன்று, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

பிரேக் சத்தம் சரியில்லை என்று என்னை மகுடஞ்சாவடிப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டுக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? காற்று அடிக்காமல் இருக்க மைக்குக்கு ஒரு சாக்ஸை மாட்டியிருந்தீர்கள். துவைத்த சாக்ஸ்தானா என்று கேட்டதற்கு, மோந்து பார் அம்மிணி என்று நீட்டினீர்கள். திடீரென்று கையைத் தூக்கி, "கம்பி பாடுது, கேளு" என்றீர்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நிமிடம் போன பிறகுதான் தண்டவாளத்திலிருந்து மெல்லிய ரீங்காரம் எனக்கு எட்டியது. அதற்கும் பிறகுதான் ரயில் கண்ணில் பட்டது.

போன வருஷம் ஆடியில் அதே கேட்டுக்குப் போனோம். அன்று கம்பி பாடியது எனக்குத்தான் முதலில் கேட்டது. நீங்கள் சிக்னலையே பார்த்துக்கொண்டு, "வருதா அம்மிணி?" என்றீர்கள். ஏதோ யோசனையில் இருக்கிறீர்கள் என்று விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டது அது ஒன்றைத்தானா? அந்த வருஷத்தில் இரண்டு முறை உங்கள் போனைக் கொண்டுவந்து, ஸ்பீக்கர் போய்விட்டது, மாற்றிக் கொடு என்றீர்கள். இரண்டு முறையும் மாற்றினேன். எஞ்சினுக்கும் பெரிய ஸ்பீக்கராகப் பார்த்து வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன். பிறகு சொந்தமாகப் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிக்கொண்டு, சத்தத்தின் அளவுகளை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளப் பழகினீர்கள். சும்மா சும்மா வந்து என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்றீர்கள். எனக்கும் கொஞ்சம் வேலை மிச்சம் என்று இருந்தது.

டிசம்பரில் எங்கள் பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் வைத்தபோது உங்கள் ரயிலைச் சுற்றிவர விடலாம் என்று ஃபாதரிடம் அனுமதி வாங்கியது நான்தான். "ஏசு பொறந்த ஊருக்கு ரயிலு போச்சுங்களா அம்மிணி?" என்று சிரித்துக்கொண்டே வந்து, வைக்கோலுக்குள் தண்டவாளம் போட்டு, ஆட்டுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனும் வைத்தீர்கள். திறப்பு விழா அன்று மாலை கோயில் நிறையக் கூட்டம். ஃபாதர் ஜெபத்தைத் தொடங்கினார். ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று ரயில் கார்டு ஊதுகிற விசிலும் பிரேக் கீச்சும் காதைக் கிழித்தன. கைக்குழந்தைகள் வீறிட்டு அழுதன. ஃபாதர் ஜெபத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நீங்கள் குடிலுக்குப் பக்கத்தில், கையில் கன்ட்ரோலரோடு, எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தீர்கள். "அண்ணா, குறைங்க" என்றேன். திரும்பவில்லை. இன்னும் இரண்டு முறை சொன்னேன். நீங்கள் சிரித்த முகத்தோடு விசில் பட்டனை மறுபடி அழுத்தினீர்கள். அத்தனை பேர் முன்னால் என் மானம் போகிறது, இவருக்கு விளையாட்டாக இருக்கிறது என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. சுற்றிக்கொண்டு வந்து, உங்கள் கையிலிருந்ததைப் பிடுங்கினேன். உங்கள் முகத்துக்கு நேராக நின்று கத்தினேன். "உங்களுக்குக் காது என்ன செவிடா?"

நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் லேசாகச் சிரித்தீர்கள். ரயிலை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். அந்தச் சிரிப்பைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

பொங்கலுக்குப் போன் செய்தேன். "ஆமாம்மிணி, ஆமா, செரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாசியில் இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. வேண்டாதவரை ஏன் விரட்ட வேண்டும் என்று நானும் விட்டேன். சித்திரையில் அக்காவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. மோட்டார் போட்டுவிட்டு வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, மாரடைப்பு என்றார்கள். நான் வந்து சேர்வதற்குள் உங்களை எடுத்துவிட்டார்கள்.

நேற்று காலைதான் எஞ்சினைத் தனித் தண்டவாளத்தில் ஏற்றினேன். சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் இப்போது என்ன அளவில் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் எண். பூஜ்யம் என்றால் ஊமை, இருநூற்று ஐம்பத்தைந்து என்றால் உச்சம். நான் அத்தனையையும் நடுவாக நூற்று இருபத்தெட்டில் வைத்துக் கொடுத்திருந்தேன். டீகோடருக்குப் பதில் சொல்லத் தெரிந்தது ஒரே வழிதான். நாம் ஓர் எண்ணைச் சொல்லி இதுதானா என்று கேட்டால், ஆமாம் என்பதற்கு மோட்டாரை ஒரு வெட்டு வெட்டும், எஞ்சின் நின்ற இடத்திலேயே லேசாக ஆடும். இல்லை என்றால் சும்மா நிற்கும். "பொண்ணு பாக்கப் போன எடத்துல புள்ள தலையாட்டற மாதிரியே இருக்குது" என்று நீங்கள் கேலி செய்தது இதைத்தான். மொத்தமாகப் படித்துச் சொல்ல சாஃப்ட்வேர் இருக்கிறது. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். உங்களோடு பேசுகிற மாதிரி இருந்தது.

எஞ்சின் உறுமல், நூற்று இருபத்தெட்டா? ஆடியது. பெட்டி இடிக்கிற சத்தம்? அதுவும் அதே எண்தான். பிரேக் கீச்சு, நூற்று இருபத்தெட்டா? அசையவில்லை. நூற்று எண்பதா? அசையவில்லை. இருநூற்று ஐம்பத்தைந்தா? ஆடியது. கார்டு விசில்? இருநூற்று ஐம்பத்தைந்து. காற்று விடுகிற புஸ் சத்தம்? இருநூற்று ஐம்பத்தைந்து. தடித்த சத்தங்கள் எல்லாம் நான் வைத்த இடத்திலேயே இருந்தன. மெல்லிய சத்தங்கள் அத்தனையையும், இதற்கு மேல் போகாது என்கிற இடம்வரை ஏற்றியிருந்தீர்கள்.

மெல்லிய சத்தம் மட்டும் ஏன் என்று இன்னொருவர் யோசித்துக்கொண்டிருக்கலாம். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ரிக் வண்டிக்காரர்கள் எத்தனை பேர் என்னிடம் வருகிறார்கள். வண்டியின் கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்று நின்று முதலில் போவது மெல்லிய சத்தம்தான். விசில் போகும், குருவி போகும், அப்புறம் பேசுகிற பேச்சு உறுமலாக மட்டும் விழும், சொல் பிடிபடாது. ஸ்பீக்கர் போச்சு என்று சண்டைக்கு வருகிறவர்களிடம், போன் நன்றாக இருக்கிறது, காதைக் காட்டுங்கள் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்புகிறவள் நான். ஊருக்கெல்லாம் சொன்னேன். உங்களுக்கு மட்டும் ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்தேன். சத்தம் தேடி வந்த மனிதருக்கே காது போகும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

நீங்கள் ஏன் அண்ணா சொல்லவில்லை? வெட்கமா? இல்லை, சொன்னால் நான் இனி இந்த மனிதரோடு எதற்கு என்று விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களா?

இன்று கடையைப் பூட்டிவிட்டு, எஞ்சினையும் எடுத்துக்கொண்டு எடப்பாடிக்குப் பஸ் ஏறினேன். அக்காவை உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். "அவருக்குக் கோவமே இல்லக்கா. காது கேக்கல. நீங்க கூப்பிட்டது அவருக்கு விழவே இல்ல."

அக்கா எஞ்சினை மடியில் எடுத்துவைத்துக்கொண்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"நாலு தடவ சோறுங்கக் கூப்புட்டுட்டு, அஞ்சாவது தடவ, நீயெல்லாம் எதுக்கு இருக்கறீன்னு அவரு முதுவுக்குப் பின்னால சொல்லிப்போட்டேன் கண்ணு. அதுவும் அவருக்குக் கேட்டிருக்காதல்லோ?"

"கேட்டிருக்காதுக்கா" என்றேன்.

"நெசமாத்தான?"

"நெசமாத்தான்க்கா. முதுகுக்குப் பின்னால சொன்னது எதுவும் கேட்டிருக்காது."

அப்போதுதான் அவர்கள் வாய்விட்டு அழுதார்கள். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. அழுது முடித்து முந்தானையில் எஞ்சினைத் துடைத்துவிட்டு, "சத்தத்தக் கொறைக்காத கண்ணு. அவரு வெச்சபடியே இருக்கட்டும்" என்றார்கள். தரையில் தண்டவாளத்தைப் போட்டு ஓட்டினோம். உங்கள் விசில் வீடு அதிரக் கேட்டது. அக்கா காதைப் பொத்தவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் இதை எழுதுகிறேன். அக்காவுக்கு இனி தூக்கம் வரும். அவர்கள் சொன்னது உங்களுக்கு எட்டவில்லை. ஆனால் நான் அன்று குடில் முன்னால் சுற்றிக்கொண்டு வந்து, உங்கள் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு எழுத்தும் விளங்குகிற மாதிரி கத்தினேன். நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த வருஷத்தில் யார் சொன்னது கேட்காமல் போயிருந்தாலும், நான் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்கும் அண்ணா.