மீசையில் ஒரு சொட்டு அத்தர்

ஆனி 4, திங்கள்

மேல்காற்று. வெயிலைப் பற்றி எழுத விருப்பமில்லை.

காலை ஒன்பதரை மணிக்கு, விடுதி முதலாளி காதர் சாயபு தலைமையில், கணக்கெழுதும் நானும் நாவிதர் முனுசாமியும் கூடிய சபையில், ஆம்பூர் சரித்திரத்தில் இடம்பெறத்தக்க தீர்மானம் ஒன்று ஏகமனதாக நிறைவேறியது. இனி இங்கே சவரம் செய்துகொள்ளும் ஒவ்வொரு விருந்தாளியின் மீசையிலும் ஒரு சொட்டு ரோஜா அத்தர். இலவசம். மீசை இல்லாதவருக்கு என்ன செய்வது என்று கேட்டேன். ஒத்திவைக்கப்பட்டது.

காரணம், தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம். நமக்குத் தெரிவதில்லை. மெட்ராஸ்காரர்கள் ரயிலடியிலேயே மூக்கைப் பொத்துகிறார்கள்.

"மீசைல இருந்தா மூக்குக்குக் கிட்டக்கவே இருக்கும் பாரு, ரைட்டரே. தூரம் கம்மி" என்றார் முதலாளி. மறுக்க முடியாத பூகோளம்.

வாசல் பலகைக்கு எழுத வேண்டியது: பாய், தலையணை, செம்பு. கண்ணாடி (மொத்தத்துக்கு ஒன்று). நேற்றைய பேப்பர். குடை (எடுத்துப் போனவர் இன்னும் வரவில்லை). வெந்நீர். சவரம். வயிற்றுக்கு ஓமத் தண்ணீர். கடிதம் எழுதித் தரப்படும் (நான்). அத்தர்.

ஆனி 5, செவ்வாய்

மூன்றாம் அறைக்கு ஆள். ரங்கசாமி, மெட்ராஸ் தோல் கம்பெனி ஒன்றின் கொள்முதல்காரர். நாற்பது வயது. அகலமான மீசை. சாது.

கம்பெனி பரீட்சைக்கு அனுப்பியிருக்கிறது. பாஷா மண்டியில் பச்சை ஆட்டுத்தோல் பார்த்து எடுக்க வேண்டும். முதல் சரக்கு சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். மனைவியும் இரண்டு பெண்களும் பெரம்பூரில் மைத்துனன் வீட்டில். மைத்துனன் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசுவானாம்.

எப்படித் தோல் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். மூக்கைத் தொட்டுக் காட்டினார். "கண்ணுக்கு எல்லாத் தோலும் ஒண்ணுதான் சார். உள்ள அழுக ஆரம்பிச்சத மூக்குதான் சொல்லும். எங்கூட்டுல நாலு பேர் சாப்பிடறது இத வெச்சுதான்."

ஆனி 6, புதன்

காலையில் ரங்கசாமிக்குச் சவரம். அசந்து கண்ணை மூடியிருக்கிறார். முனுசாமி தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டான். ஒரு சொட்டு அல்ல, புது வாடிக்கை என்று மூன்று.

அலறல். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் குச்சியோடு ஓடினேன். கழுத்தில் கத்தி இறங்கிவிட்டதென்றே நினைத்தேன். இறங்கியிருந்தால் இவ்வளவு சத்தம் வந்திராது.

பத்து மணிக்கு மண்டி. விட்டால் சரக்கு வேறு ஆளுக்கு. சீயக்காய் போட்டுக் கழுவினோம். புளி. சாம்பல். கடைசியில் மண்ணெண்ணெய், என் யோசனை. இப்போது ரோஜாவும் மண்ணெண்ணெயும். என் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுந் தெரியல சார்" என்று அழுதார்.

முனுசாமி மெதுவாக: "எடுத்துடலாம் சாமி."

"எங்கப்பா இருக்காருடா."

போளூர்ப் பக்கம் கிராமத்தில், எழுபது வயதில், கல்லுப்போல் இருக்கிறாராம். தகப்பன் உயிரோடிருக்கையில் மகன் மீசை எடுப்பதா! நான் பகுத்தறிவுப் புத்தகங்கள் பல படித்தவன். எனக்கே அது சரியாகப் படவில்லை.

ஒன்பதே முக்கால். முகத்தை நீட்டினார். "எடு."

நானும் மண்டிக்குப் போனேன். ஒவ்வொரு கட்டாக முகர்ந்தார். பாதிக்கு மேல் ஒதுக்கிவிட்டார். பாஷா கத்தத் தொடங்கினார். "இன்னாய்யா, நேத்து உரிச்ச தோலு!" ஒதுக்கிய தோல் ஒன்றை நான் பிடித்து இழுத்தேன். மயிர் கையோடு வந்தது. மோந்து பார்த்தேன். அதை எழுத வேண்டாம்.

அப்போதுதான் பாஷா அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "அடடா... அப்பாவா? எப்போ?"

ரங்கசாமி என்னைப் பார்த்தார். அத்தர் கதையைச் சொன்னால், ரோஜா மணக்கும் மூக்கு ஒதுக்கிய தோல் எப்படிக் கெட்டதாகும் என்பார் பாஷா. ரங்கசாமி தலையைக் குனிந்தார். நானும் குனிந்தேன். ஏன் குனிந்தேன் என்று இதுவரை தெரியவில்லை.

"துக்கத்துல இருக்கிறவன் பொய் சொல்ல மாட்டான். நீ ஒதுக்கினது ஒதுக்கினதுதான், தம்பி" என்று பாஷா கட்டிக்கொண்டார்.

ஆனி 7, வியாழன்

நேற்றிரவே ரயிலேறிய சரக்கைப் பார்த்துவிட்டுக் கம்பெனியிலிருந்து தந்தி: சரக்கு திருப்தி, வேலை நிரந்தரம். ரங்கசாமியால் சிரிக்க முடியவில்லை. கீழே துக்கம் கேட்க ஒன்பது பேர். மூன்றாம் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். கேட்டவர்கள், பாவம் அழுகிறார் என்றார்கள். பெரம்பூருக்குக் கடிதம் நான்தான் எழுதினேன்: வீடு பார்க்கிறேன், புறப்படத் தயாராயிரு.

துக்கம் கேட்க வருவோருக்குப் பாய், டீ. முதலாளி உத்தரவு. பலகையில் எழுதலாமா என்று கேட்கிறார்!

பாஷா நல்ல மனிதர். எந்த ஊர் என்று முனுசாமியிடம் விசாரித்து, காரியத்துக்கென்று ஒரு மூட்டை அரிசியைத் தன் ஆளிடம் கிராமத்துக்கு அனுப்பிவிட்டாராம். மாலையில்தான் தெரிந்தது. வண்டி போய்விட்டது. ரங்கசாமி சாப்பிடவில்லை. நானும்.

ஆனி 9, சனி

மழை வரும்போலிருந்து வரவில்லை. பதினொரு மணிக்கு, கூடத்தில் பாஷா உட்பட ஆறு பேர் டீ குடித்துக்கொண்டிருக்கையில், வாசலில் ஒரு கிழவர். கையில் தடி. ரங்கசாமியின் பழைய மீசையே நரைத்து வந்து நின்றதுபோல்.

"ரங்கசாமி இங்கதான கீறான்? எங்காரியத்துக்கு எங்கையிலயே அரிசி குடுத்துட்டுப் போறான் ஒருத்தன். நல்ல அரிசிதான். ஒரு வேளை பொங்கித் தின்னுட்டுத்தான் வர்றேன்."

டீ ஒருவர் கையிலும் வாய்வரை போகவில்லை.

மகன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கிழவர் அந்த முகத்தைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டார், அவ்வளவுதான்.

"எதுக்குடா?"

"வேலைக்குப்பா."

"எடுத்தது எடுத்த. சொல்லிட்டு எடுத்திருக்கக் கூடாதா?"

எடுத்தது என் யோசனை, மீசை போன காரணம் எங்கள் அத்தர் என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். யோசனை முனுசாமியுடையது. பதற்றத்தில் எனதென்றுவிட்டேன். யாரும் கேட்கவில்லை. பாஷா எழுந்து நின்றிருந்தார்.

"உசுரோட இருக்கிற அப்பனச் சாவடிச்சவன், எந்தோலு அழுகிப்போச்சுன்னு சொன்னா நான் நம்பணுமா?"

தோலில் மயிர் கையோடு வந்ததே என்றேன். "நீ அத்தர் குடுத்தவன். நீ பேசாத" என்றார். கம்பெனிக்குத் தந்தியடிக்க நேரே தந்தி ஆபீசுக்குப் போனார்.

ஆனி 11, திங்கள்

வெயில். வாசல் பலகை எழுதி மாட்டியாயிற்று.

காலைத் தந்தி: ரங்கசாமி உடனே திரும்பவும். பெரம்பூருக்கு இரண்டாவது கடிதம் எழுதித் தரவா என்றேன். நேரிலேயே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். கிழவர் அவர் பெட்டியைப் பிடுங்கித் தான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மெட்ராஸிலிருந்து வந்த ரயிலில் கம்பெனியின் புது ஆள் இறங்கினார். பட்டதாரியாம். மூன்றாம் அறை. நாற்றம் தாங்காமல் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி மண்டிக்குப் போய்வந்தார். ரங்கசாமி ஒதுக்கிய கட்டுகள் முழுவதும் மாலையில் கூட்ஸ் வாகனில் ஏறின.