பதினெட்டு பவுண்டு வில்

என் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டால் ஒரே வரியில் பதில் போடுகிறவள் நீ, அதனால் கேட்கவில்லை. நான் நலம், உன் மாமா நலம். சாப்பாட்டு மேசைதான் நலமாக இல்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் நீ எழுதியதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். மைதானத்தில் என்னோடு நின்று அம்பு எய்த உன் வில்லை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாயாம். என் கை மறுபடி வில்லை இழுக்கிற நாள்வரை இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டாயாம். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. உன் ஸ்கூட்டர் சறுக்கி நாம் விழுந்து பதினொரு மாதம் ஆகிறது. உடைந்தது என் வலது தோள், ஊரை விட்டு ஓடியது நீ. இது என்னடி நியாயம்?

டாக்டரிடம் போனேன். முப்பத்தாறு பவுண்டு பலம் கொடுத்து இழுக்க வேண்டிய என் பழைய வில்லை இந்த ஜென்மத்தில் தொடக்கூடாது என்றார். எத்தனை பவுண்டு வரை இழுக்கலாம் என்று கேட்டேன். அவர் உன் மாமாவைப் பார்த்தார், உன் மாமா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். பதில் வராமல் எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்தே இருந்தேன். கடைசியில், "இருபதுக்குக் கீழன்னா மெதுவா இழுத்துப் பாருங்கம்மா, வலிச்சா உடனே விட்டுடணும்" என்றார். நீ கடிதத்தில் வில் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறாய். எவ்வளவு பலமான வில் என்று எழுதவில்லை. நன்றாக மாட்டிக்கொண்டாய்.

கடையில் கேட்டால் அந்தப் பலத்தில் இருப்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கான குட்டை வில். என் கை நீளத்துக்கு இழுத்தால் ஒடிந்துவிடும் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். அதனால் ஆள் உயரத்துக்கு ஒரு நெடுவில்லை நானே வீட்டில் செய்யப் போகிறேன். சிரிக்காதே. இருபத்திரண்டு வருஷம் ரொட்டி பிசைந்தவள் நான். மாவு எவ்வளவு இழுபடும், எங்கே அறும் என்று என் விரலுக்குத் தெரியும். மரத்தையும் ஒரு கை பார்த்துவிடலாம்.

மூன்று மெல்லிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை வைத்து ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். இலக்கைப் பார்த்து நிற்கிற முதுகுப் பக்கத்துக்கு மூங்கில், மற்ற இரண்டும் வேறு மரம். தெருமுனைத் தச்சர் ஆறடி நீளத்துக்கு, நுனி போகப்போக அட்டைபோல் மெலிவாக அறுத்துக் கொடுத்திருக்கிறார். வளைவான ஒரு கனத்த பலகைதான் அச்சு. பட்டைகளை அதன்மேல் அழுத்திக் கட்டிக் காயவைத்தால் அந்த வளைவு நின்றுவிடும். கட்டுவதற்காக உன் மாமா சைக்கிள் கடையில் பழைய டியூபெல்லாம் பொறுக்கி வந்து நாடா நாடாக வெட்டிக்கொண்டிருக்கிறார். எல்லாம் அந்த மேசையில்தான். நாங்கள் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம்.

வேளைக்குச் சாப்பிடு. பிடிவாதத்திலும் நான் உனக்கு அக்காதான் என்பதை மறக்காதே.

அக்கா

*

தங்கைக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பரவாயில்லை, எழுதி எழுதி என் கைக்குப் பயிற்சியாகிறது.

முதல் வில் உருப்படவில்லை. வேறு யார் வாயிலாவது கேட்டு நீ சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒட்டிய அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பசை இரண்டு டப்பாவில் வருகிறது, இரண்டையும் கலந்தால் அரை மணி நேரத்தில் இறுகிவிடும். உன் மாமா கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொல்லச் சொல்ல, நான் பட்டைகளில் பூசி அச்சில் அடுக்கினேன். பிறகு இரண்டு பேருமாக டியூபால் வரிந்து கட்டினோம். என் இடது கைதான் இழுத்தது. வலது கை சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. கட்டியதை ஆளுக்கொரு முனையாகப் பேக்கரிக்குத் தூக்கிப்போய், மாவு பொங்க வைக்கிற சூட்டறையில் வைத்தோம். சூட்டில் பசை நன்றாகப் பிடிக்குமாம். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நீள ரொட்டி யாருக்கும்மா?" என்றார். என் தங்கச்சிக்கு என்றேன்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் வழுக்கிக்கொண்டு அச்சிலிருந்து கழன்று வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சுவரில் மாட்டி, கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தோம். பத்து அங்குலம், பன்னிரண்டு அங்குலம் வரை ஒன்றும் இல்லை. பதினான்கில் படாரென்று ஒரு சத்தம்! உன் மாமா மேசைக்கு அடியில் போய்விட்டார். மேல்பாதியில் ஒரு பட்டை தனியாகப் பிரிந்து, நடுவில் முறிந்து தொங்கியது.

தச்சரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் ஒட்டுப் போட்ட இடத்தில் விரலைத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "ஏம்மா, எண்ணெய் வாசனை அடிக்குதே?" என்றார். அடிக்காமல் என்ன செய்யும்? அச்சில் எண்ணெய் தடவினேன். தடவாத டின்னில் யாராவது ரொட்டி வைப்பார்களா? மூலை முடுக்கு விடாமல் தாராளமாகத் தடவிவிட்டு, அதே கையோடு பட்டைகளை எடுத்து அடுக்கியிருக்கிறேன். பசை அச்சிலும் ஒட்டவில்லை, மரத்திலும் ஒட்டவில்லை. தச்சர் சிரித்த சிரிப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. அச்சுக்கு ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் போதுமாம்.

இருபத்திரண்டு வருஷத் தொழில் பழக்கம் இப்படியா காலை வாரிவிடும்! வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தோள் வேறு விண்விண்ணென்று தெறித்தது. உன் மாமா, "விட்டுடலாமே, அவளே ஒருநாள் மனசு மாறி வருவா" என்றார். வரமாட்டாள், அவள் என் கூடப் பிறந்தவள் என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி தச்சரிடம் போனேன். "கைய சோப்பு போட்டுக் கழுவிட்டுத் தொடுங்க தாயே" என்று சொல்லிப் புதுப் பட்டைகள் கொடுத்தார். நேற்று கையுறை போட்டுக்கொண்டு ஒட்டினேன். இப்போது சூட்டறையில் இருக்கிறது.

ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

அக்கா

*

தங்கச்சி,

இழுத்துவிட்டேன்.

ஒட்டு இந்தத் தடவை அசையவில்லை. ஆனால் கீழ்ப்பாதி சொன்னபடி வளைய, மேல்பாதி முறைத்துக்கொண்டு நின்றது. விறைத்த இடத்தில் நான்கு தடவை சுரண்டுவது, வளைத்துப் பார்ப்பது, மறுபடி நான்கு தடவை. கூடுதலாக ஒரு சுரண்டல் விழுந்தாலும் வில் போச்சு. மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தேன், அதுவும் வலது கையால். உன் மாமா நாணில் கொக்கித் தராசை மாட்டி, இழுக்கிற ஒவ்வொரு அங்குலத்துக்கும் எண்ணைக் குறித்தார். ஊர் முழுக்க மின்சார மீட்டர் பார்க்கிறவர் அல்லவா, எண்ணைக் கண்டால் அவருக்குத் தனிச் சந்தோஷம். சுரண்டச் சுரண்ட, முழு இழுப்பின் பலம் இருபத்தொன்று, இருபது, பத்தொன்பது பவுண்டு என்று இறங்கியது. பதினெட்டு வந்ததும், "போதும், போதும், கைய எடு!" என்று கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்குப் போனோம். அம்பு எய்ய நிற்கிற கோட்டில் நம் இரண்டு பேர் இடமும் காலியாகவே இருந்தது. முதல் அம்பு பாதித் தூரம்கூடப் போகவில்லை. நான் முழுதாக இழுக்கவே இல்லை, பயந்துவிட்டேன். தோளில் சுருக்கென்றது. டாக்டர் சொன்னபடி விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். உன் மாமா தண்ணீர் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து எழுந்தேன். முழங்கையைத் தாழ்த்தி, அவசரப்படாமல் இழுத்தேன். வலி வரவில்லை. நாண் வந்து தாடையைத் தொட்டது. தொட்டதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, அதனால் கொஞ்சம் பிடித்துக்கொண்டே நின்றேன். பிறகு விட்டேன். அம்பு இலக்கு அட்டையின் ஓரத்தில் போய்க் குத்தி நின்றது. மொத்தம் ஆறு அம்பு, நான்கு தைத்தன. ஏழாவது வேண்டாம் என்று நானே நிறுத்திக்கொண்டேன். உன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே தூசி என்றார்.

உன் நிபந்தனை தீர்ந்தது. ஆனால் அதை மட்டும் எழுதி இந்தக் கடிதத்தை முடித்தால் நான் மனுஷியே இல்லை.

நாம் விழுந்த அன்றைக்குத் தெரு ஈரமாக இருந்தது. நீ மெதுவாகத்தான் ஓட்டினாய். மைதானத்தை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்று பின்னால் உட்கார்ந்து உன் முதுகில் தட்டித் தட்டி, "சீக்கிரம் போடி ஆமை" என்று விரட்டியது நான். அந்த வளைவில்கூடத் தட்டினேன். ஆஸ்பத்திரியில் வந்தவர் போனவர் எல்லோரிடமும் "நான்தான் வேகமா ஓட்டிட்டேன்" என்று நீ அழுதாய். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். எனக்கு மயக்கம் ஒன்றும் இல்லை, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் நீ பெட்டியைக் கட்டிவிட்டாய். நான் தட்டியதை நீ ஒருவரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூடக் கேட்கவில்லை. நேற்று உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பேனாவையும் தாளையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பிறகு, "இத அவளுக்கு எழுது" என்றார்.

எனக்குச் சமைத்துப்போட நீ வர வேண்டாம். என் கையைத் தடவிக்கொண்டு அழவும் வர வேண்டாம். வந்து என்னைத் திட்டு. தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி வாசலில் நின்று திட்டு. ஒரு வருஷமாக உன் தலையில் ஏற்றி வைத்ததை நான் இறக்க வேண்டும். அதை எழுதித் தீர்க்க முடியாது, நீ எதிரில் நிற்க வேண்டும்.

மன்னித்துவிட்டு வா. மன்னிக்க முடியவில்லை என்றால் மன்னிக்காமலே வா. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் கண்ணு, ஆனால் இங்கே வந்து இரு.

உன் அக்கா