மணி அடித்தது நாங்கள்

இன்று காலை அலுவலகக் காப்பி இயந்திரம் காப்பித்தூளைக் கருக்கிவிட்டது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன். நீ போன பிறகு உன்னை இவ்வளவு கிட்டத்தில் உணர்ந்ததில்லை.

மலைமேல் ஒண்டிக்கடை என்ற ஊரில் உன் அத்தாவின் கடை மாடி. தொண்ணூறுகளின் நடு. கீழே அவர் மிளகு நிறுத்துக்கொண்டிருப்பார். மேலே ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னால் நாம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். வெள்ளக்கடை ஊர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றுக்குப் புரோகிராம் எழுதினோம். வெயில் இல்லாத நாளில் காப்பிக்கொட்டையை அங்கே விறகு டிரையரில் காய வைப்பார்கள். சென்சார் சூட்டைப் படிக்கும். சூடு குறைந்தால் புரோகிராம் மணி அடிக்கும். அடுப்பைப் பார்க்கிற, வாழவந்தி ஊர்க்கார அண்ணன் விறகு போடுவார்.

சென்சார் படிக்கவில்லை என்றால்? அதில்தான் சண்டை. எக்செப்ஷன் என்ற பிழைச் செய்தியை வீசுவோம், அதைப் பிடிக்க எந்த வரியும் இல்லாவிட்டால் புரோகிராமே நின்றுவிடும், அதுதான் நல்லது என்றேன் நான். உனக்கு அது ஆகவே ஆகாது. "இங்க வீசுனா எங்கயோ போயி உழுகுமாம். நடுவுல இருக்கற வரியெல்லாம் என்னாகறது? ஒரு வரி முடிஞ்சா அடுத்த வரி. கண்ணுக்குத் தெரியற வழியில போடி" என்பாய். படிக்க முடியாவிட்டால் மைனஸ் ஒன்று என்ற எண் திரும்பி வரும், கேட்ட இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நீயே எழுதினாய். பிடிவாதக்காரி.

அந்த மார்கழிப் பனியில் ஈரம் ஏறி ஒயர் இற்றுப்போனது. மைனஸ் ஒன்று வந்தது. அதைப் பார்க்கிற வரியை எழுத நீ மறந்திருந்தாய். புரோகிராமுக்கு அதுவும் ஒரு சூடுதான். டிரையர் குளிர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் விறகு போட்டுக்கொண்டே இருந்தார். கொட்டை முழுவதும் கருகியது.

நாம் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் அவரை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். "மெசின்ல ஒன்னும் தப்பில்ல. இந்த ஆளுக்கு அறிவு வேணாமா?"

அண்ணன் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, "மணி அடிச்சா போடோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நொம்பச் சூடா இருக்குதுன்னு கணக்கெழுதற ரைட்டருகிட்ட சொன்னனுங்க. மணி சொல்றதக் கேளுன்னுட்டாருங்க" என்றார்.

மேனேஜர் நம் பக்கம் திரும்பிச் சிரித்தார். நாம் தலையாட்டினால் போதும். நீ ஆட்டவில்லை. "அவரு மணியக் கேட்டுத்தானுங்க வெறகு போட்டாரு. மணி அடிச்சது நாங்க. எழுதுனது நான். அனுப்பறதா இருந்தா எங்கள அனுப்புங்க."

"வெளிய தெரிஞ்சா யாரும்மா உங்களுக்கு வேலை குடுப்பாங்க?"

"குடுக்காட்டிப் போறாங்க."

எனக்குக் கால் நடுங்கியது. பெருமையாகவும் இருந்தது.

அண்ணனுக்கு வேலை நிலைத்தது; நமக்குப் போயிற்று. ஆனாலும் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று அங்கேயே உட்கார்ந்தாய். நான் சொன்னபடி எக்செப்ஷன் வீசினாய். பிடித்ததும் மணி நின்று சிவப்பு விளக்கு எரியும்படி எழுதினாய். "பிடிக்கற எடம் ஒன்னே ஒன்னு. எங்க போவுதுன்னு எனக்குத் தெரியோணும்" என்று முறைத்தாய். தோற்றதாக நீ ஒப்புக்கொள்ளவே இல்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. நீ இருந்திருந்தால் இன்றும் இதற்குச் சண்டை போட்டிருப்போம்.

இன்று மதியம் அலுவலகக் கூட்டத்தில், வாடிக்கையாளர் கண்ணில் பிழை படக் கூடாது, எல்லா எக்செப்ஷனையும் பிடித்து, பிடித்த இடத்தில் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள் என்றார்கள். அப்புறம் எங்கேயோ மணி அடித்துக்கொண்டே இருக்கும். யாரோ ஒருவர் விறகு போட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் எல்லாம் அவர் தலையில்தான் விழும். என்னால் முடியாது என்றேன். அப்படியானால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் மேலாளர்.

"பாத்துக்குங்க" என்றேன்.

உன் பேச்சுத் தோரணை அப்படியே என் வாயில் வந்துவிட்டது. இந்த முறை கால் நடுங்கவில்லையடி.