நாலு போல்ட்

ஜூன் 4

அன்புள்ள காட்டாறு,

இன்று பேப்பர் கடையில் உன்னைப் பார்த்தபோது நான் சொல்லாமல் விட்டவை மூன்று. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டது உனக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கடைக்காரர் நீட்டிய பேப்பர் கட்டை நீ இடது கையால் வாங்கியதைக் கவனித்தேன் என்று சொல்லவில்லை. மூன்றாவதை இங்கேயும் எழுதப் போவதில்லை.

இரண்டு வருஷம் கழித்து எதிரே வந்து நிற்கிறாய். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "ஏய் பிழைதிருத்தி, மலையில ஓட்ட ஒரு ஹார்ட்டெயில் சைக்கிள் கட்டப் போறேன். என்னென்ன வாங்கணும்னு எழுதி அனுப்பு. போன்ல கேட்டா மழுப்புவே." நான் மழுப்புகிறவள் என்று உனக்கு எப்போதிருந்து தோன்றுகிறது? வீடு வரும்வரை அந்த ஒரு சொல்லையே புரட்டிக்கொண்டு வந்தேன். அச்சகத்தில் நாள் முழுக்க பிழை பார்க்கிறவளுக்கு எந்த வாக்கியத்தையும் ஒரே தடவை படித்துவிட்டுப் போக முடியாது. உனக்குத்தான் தெரியுமே.

சரி, கேட்டதற்குப் பதில். ஸ்டீல் ஃபிரேம் எடு. பின்னால் ஸ்பிரிங் இல்லாத வண்டி. கல்லில் ஏறினால் அதிர்ச்சி நேரே முதுகுக்கு வரும். ஸ்டீல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். முன் ஃபோர்க் காற்றடிக்கிற வகையாக இருக்கட்டும். உன் எடையைப் பார்த்துக் காற்றை வைக்கலாம். நூற்றிருபது மில்லிமீட்டர் அமுங்கினால் போதும். நீ போகும் பாதைக்கு அதற்கு மேல் வீண். டயர் அகலமாக, டியூப் இல்லாமல். முன்னால் ஒரே பல்சக்கரம். பிரேக், எண்ணெயில் வேலை செய்வது. ஒரு விரலால் அழுத்தினால் போதும். முன் பிரேக்கை இடது கைக்கு மாற்றச் சொல். வண்டியை நிறுத்துவது முன் பிரேக்தான். அதைப் பலமுள்ள கையிடம் கொடுக்க வேண்டும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

பிழைதிருத்தி

•

ஜூன் 11

பிழைதிருத்திக்கு,

ஒரு கட்டு பேப்பர் வாங்கினதுல இவ்வளவு படிச்சிட்டியா? உன் எதிர்ல நிக்கவே பயமா இருக்குடி.

ஆமா, சைக்கிள்ல விழுந்ததுலேர்ந்து வலது மணிக்கட்டு பாதிதான் திரும்புது. உள்ள தகடு வச்சிருக்காங்க. பல்லுக்கு ஊசி போட்ட கை இப்போ அதே கிளினிக்ல டோக்கன் கொடுக்குது. பழைய ஆளுங்க சிலபேர் இன்னும் 'டாக்டர்'னு கூப்பிடுறாங்க. நான் திருத்துறதில்ல. திருத்துறது உன் வேலை.

ஃபிரேம் சொல்லியாச்சு, நீ சொன்ன ஸ்டீல்தான். அம்மா படத்தைப் பார்த்துட்டு, "பின்னாடி ஸ்பிரிங்கே இல்லையே, பாதி செஞ்ச வண்டியைத் தலையில கட்டிட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. பின்னாடி கெட்டியா இருந்தாத்தான் மேட்டுல மிதிக்கிற பலம் வீணாகாதுன்னு சொன்னேன். "இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தது?" உன் பேரைச் சொன்னேன். கரண்டியைக் கீழ வச்சுட்டாங்க. "அவளா? ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தா. பழத்தை மேசையில வச்சா, உன் முகத்தைப் பார்க்காம ஜன்னலைப் பார்த்தா, போயிட்டா. அந்தப் பொண்ணு மனசுல என்னமோ இருக்கு." சும்மா இரும்மான்னேன்.

இப்போ எனக்குச் சில சந்தேகம். ஃபோர்க்கையும் ஹேண்டிலையும் சேர்க்குற ஸ்டெம் இருக்கே, அது எவ்வளவு நீளம் வாங்கணும்? அதுல இருக்குற போல்ட்டை எவ்வளவு முறுக்கணும்? கையால முறுக்கினா சரியா இருக்கான்னு தெரியுமா? ஒழுங்கா முறுக்கினது தானா தளருமா?

இன்னொண்ணு. என் பழைய சைக்கிளை நான் ஆஸ்பத்திரியில இருந்தப்போ அண்ணன்கிட்டயிருந்து வாங்கிட்டுப் போனியாம். அது எங்க?

அந்த மூணாவது என்ன?

காட்டாறு

•

ஜூன் 19

அன்புள்ள காட்டாறு,

உன் கடிதத்தில் பத்துக் கேள்விக்குறிகள். அம்மாவுடைய மூன்றைக் கழித்துவிட்டேன். மீதி ஏழும் உன்னுடையவை. அதில் நாலு ஸ்டெம்மைப் பற்றி. டயரைப் பற்றி ஒன்றும் இல்லை, சீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. புதிதாக வண்டி கட்டுகிற யாரும் முதலில் சீட்டைத்தான் கேட்பார்கள்.

ஐம்பது மில்லிமீட்டர் போதும். நீளமான ஸ்டெம் உன்னை முன்னால் சாய்க்கும். இறக்கத்தில் எடை முழுதும் மணிக்கட்டில் விழும். எவ்வளவு முறுக்குவது என்று ஸ்டெம்மின் மேலேயே எண் போட்டிருக்கும். பெரும்பாலும் ஐந்து. டார்க் ரென்ச்சை அந்த எண்ணில் வைத்து முறுக்கினால், அளவு வந்ததும் 'க்ளிக்' என்று கைக்குத் தெரியும். அத்தோடு நிறுத்த வேண்டும். கையால் முறுக்கினால் தெரியுமா என்று கேட்டிருக்கிறாய். தெரிந்ததாகத் தோன்றும். ஒழுங்காக முறுக்கியது தானாகத் தளராது.

இதெல்லாம் உன் ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டால் நின்ற இடத்தில் சொல்வார். இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்கிறாய், அதுவும் எழுத்தில். வக்கீல்கள்தான் பதிலை எழுத்தில் கேட்பார்கள். நீ என்னிடம் கற்றுக்கொள்கிறாயா, என்னைச் சோதிக்கிறாயா? இரண்டாவதாக இருந்தால் நேரே கேட்டுவிடு. சுற்றி வளைப்பது உன் சுபாவம் இல்லை. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

பழைய சைக்கிள் பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஃபிரேம் நெளிந்திருந்தது.

அம்மா சொன்னது சரி. நான் ஜன்னலைத்தான் பார்த்தேன்.

பிழைதிருத்தி

•

ஜூன் 27

என் சந்தேகப் பிராணிக்கு,

கேள்விக்குறியை எண்ணுறவ உலகத்துல நீ ஒருத்திதான். படிச்சிட்டுச் சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு.

நீ சொன்னது சரி, சோதிச்சேன். ஆனா நீ நினைக்கிற மாதிரி இல்ல. உனக்கு என்ன தெரியும்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்.

நான் விழுந்ததுக்கு முந்தின நாள் சாயங்காலம் நீதான் முழு வண்டியையும் பிரிச்சுப் பூட்டிக் கொடுத்தே. காலையில அச்சகத்துல அவசர வேலைன்னு நீ வரல. அண்ணன் வேன்ல ஏத்துறப்போ ஹேண்டில் இடிச்சுது, கதவு சாத்தவே முடியல. அண்ணன் வழக்கம்போல, "சைக்கிளை விட்டுட்டு ஹேண்டிலை மட்டும் எடுத்துட்டுப் போ"ன்னு கிண்டல். நான் ஆலன் கீயை எடுத்து, ஸ்டெம் பக்கவாட்டுல இருக்குற ரெண்டு போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்டிலைச் சக்கரத்தோட வாட்டத்துக்குத் திருப்பி ஏத்தினேன். மலை உச்சியில வேனை விட்டு இறங்கினதும் நேராக்கி முறுக்கினேன். அவசரமா. மத்தவங்க கிளம்பிட்டாங்க. எவ்வளவு முறுக்கினேன்னு சத்தியமா ஞாபகமில்ல. விழுந்ததும் ஞாபகமில்ல. மூணாவது வளைவு வரைக்கும்தான் இருக்கு, அப்புறம் ஆஸ்பத்திரி விளக்கு.

நீ வண்டியை எடுத்துட்டுப் போனேன்னு அண்ணன் சொன்னதும் எனக்குப் பயம் வந்துடுச்சு. பார்த்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும், நீ பூட்டினதை நான் கெடுத்துட்டேன்னு. அதான் அப்புறம் நீ வரலன்னு நினைச்சேன். அசட்டுத்தனத்தால கையை ஒடிச்சுக்கிட்டவளைப் பார்க்கப் பிடிக்கலன்னு. உன் மேல பழி வந்துடுமோன்னு நீ பயந்தாக்கூட நான் வாயைத் திறக்கலையே! அம்மா உன்னைப் பேசுறப்பல்லாம் சும்மா இருன்னு சொன்னேனே ஒழிய, 'தப்பு என்னுது'ன்னு சொல்லல. இப்போ சொல்றேன். தப்பு என்னுது.

பாகமெல்லாம் வந்துடுச்சு. ஹால்ல பாதி இடம் அட்டைப்பெட்டி. அம்மா தாண்டித் தாண்டிப் போறாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை வாயேன். ரெண்டுபேரும் சேர்ந்து பூட்டலாம். மூணாவதை அப்பவாவது சொல்லு.

உன் காட்டாறு

•

ஜூலை 5

அன்புள்ள காட்டாறு,

ஐந்து நாளாக உன் கடிதம் என் மேசையில் இருக்கிறது. அச்சகத்தில் இந்த வாரம் இரண்டு பக்க எண்களை மாற்றிப் போக விட்டேன். முதலாளி, "உனக்கே கண்ணு தப்புதாம்மா?" என்று கேட்டார்.

முதல் நாள் ஒரே நிம்மதியாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்கக் கூடாது. உன் எழுத்தில், உன் கையெழுத்தோடு, தப்பு உன்னுடையது என்று இருக்கிறது. 'பரவாயில்லை, விடு' என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்திருக்கலாம். அம்மா காபி கொடுத்திருப்பார்கள்.

ஸ்டெம்மில் இரண்டு பக்கம் உண்டு. பக்கவாட்டில் இரண்டு போல்ட். அவை ஸ்டெம்மை ஃபோர்க்கோடு பிடிப்பவை. நீ தளர்த்தியது அவற்றைத்தான். அவை தளர்ந்திருந்தால் ஹேண்டில் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமுமாகத் திரும்பியிருக்கும். நான் அண்ணனிடமிருந்து வண்டியை வாங்கியபோது ஸ்டெம்மும் சக்கரமும் அடிக்கோல் வைத்தது போல ஒரே நேரில் இருந்தன. அசைத்துப் பார்த்தேன், இம்மி நகரவில்லை. நீ ஒழுங்காகத்தான் முறுக்கியிருந்தாய்.

முன்பக்கம் நாலு போல்ட். அவை ஹேண்டிலைப் பிடிப்பவை. ஹேண்டில் அங்கேதான் சுழன்று, இரண்டு பிரேக்கும் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன. இறக்கத்தில் நீ அழுத்திப் பிடித்ததும் அது உன் கைக்கு அடியில் உருண்டிருக்கிறது. விழுந்த வேகத்தில் அப்படி ஆகியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் நாலில் இரண்டு, ஆலன் கீயே இல்லாமல் என் விரலுக்குச் சுழன்றன.

அந்த நாலையும் முறுக்கியது நான். டார்க் ரென்ச்சைக் கீழ்வீட்டு வாத்தியார் இரவல் வாங்கியிருந்தார். பதினான்கு படி இறங்கிப் போய்க் கேட்கச் சோம்பல்பட்டுக் கையால் முறுக்கினேன். நீ வாசலில் நின்று, "அளந்து முறுக்கினியாடி?" என்று கேட்டாய். "ம்" என்றேன். மூன்றாவது அதுதான். கடையில் சொல்லாததும், ஆஸ்பத்திரியில் சொல்லாததும்.

ஃபிரேம் நெளிந்திருந்தது என்று எழுதியது பொய். நன்றாக இருந்தது. வேறு யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான் பழைய இரும்புக்குப் போட்டேன். ஸ்டெம்மையும் அதில் மாட்டிய ஹேண்டிலையும் மட்டும் போட முடியவில்லை. அகராதிகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். இத்துடன் அனுப்புகிறேன். முன்பக்க நாலு போல்ட்டை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. ஃபோர்க்கிலிருந்து கழற்றும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. வேறு யாரிடமாவது காட்டிக் கேள். என் வார்த்தையை நம்பச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

டார்க் ரென்ச்சையும் வைத்திருக்கிறேன். ஐந்தில் நிறுத்தியிருக்கிறது. உனக்கே இருக்கட்டும்.

நீ இரண்டு வருஷம் உன்னையே சந்தேகப்பட்டாய். நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்.

கூப்பிட்டால் வருகிறேன்.

பிழைதிருத்தி

•

ஜூலை 29

பார்சல் வந்தது.

ஸ்டெம்மைக் கடைக்காரர்கிட்ட காட்டினேன். யாருதுன்னு சொல்லல. முன்பக்க போல்ட்டை விரலால சுத்திப் பார்த்துட்டு, "இதை யாரு பூட்டினது?"ன்னு கேட்டார். தெரிஞ்சவங்கன்னேன்.

அம்மாகிட்டயும் சொன்னேன். அம்மா உன்னை ஒண்ணும் திட்டல. கொஞ்ச நேரம் என் கையையே பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

டார்க் ரென்ச்சைத் திருப்பி அனுப்பியிருக்கேன். எனக்குப் புதுசா ஒண்ணு வாங்கிட்டேன்.

முன் பிரேக் இடது கைக்கு. ஸ்டெம் ஐம்பது. ஃபோர்க்குல காத்தை என் எடைக்கு நானே வச்சேன். நாலு போல்ட்டும் நான்தான் முறுக்கினேன். மணிக்கட்டு வலிச்சது, நிறுத்தி நிறுத்திப் பண்ணினேன். நாலு தடவையும் க்ளிக் கேட்டுது.

உன்னைக் கூப்பிடல. ஞாயித்துக்கிழமை அண்ணன் வேன்லயே ஏத்திக்கிட்டுப் போய், மூணாவது வளைவைத் தாண்டி அடிவாரம் வரைக்கும் இறங்கினேன். ஹேண்டில் அசையல.