எதிர்க்கடைக்காரரோடு மலேசியா போனது

அண்ணே,

இன்று காலை பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். இந்த வருஷம் கடைக்காரர்களை வியட்நாமுக்குக் கூட்டிப்போகிறார்களாம், பாஸ்போர்ட் நகல் வேண்டுமாம். இழுப்பறையைக் குடைந்ததில் என் பழைய பாஸ்போர்ட்தான் முதலில் கையில் சிக்கியது. உள்ளே மலேசிய முத்திரை. வந்தவரை உட்காரவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாராளமயம் வந்து, புதுப்புதுக் கம்பெனிகள் மன்னார்குடிக் கடைத்தெருவரை நுழைந்துவிட்ட காலம் அது. சரக்கை நிறைய விற்ற உரக்கடைக்காரர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் பரிசு. உங்கள் கடையும் என் கடையும் எதிரெதிரே. பேச்சுவார்த்தை கிடையாது. நான் விலையைக் குறைத்தால் மறுநாள் நீங்களும் குறைப்பீர்கள். அப்படிப் பரிசாக நாம் இருவரும் போன மலேசியாவில் நமக்கு இரண்டு பஸ்கள். நீங்கள் ஏறிய பஸ்ஸில் நான் ஏறமாட்டேன்.

கோபுரம் காட்டினார்கள், கடல் காட்டினார்கள். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. வடக்கே கெடா மாநிலப் பக்கம் தேநீருக்கு நிறுத்தியபோது சாலையோரம் நெல்வயல் தெரிந்தது. இறங்கிப்போய், புகையான் பூச்சி இருக்கிறதா என்று ஒரு தூரைத் தட்டிப் பார்த்தேன். நிமிர்ந்தால், எதிரே நீங்களும் குனிந்து தூரைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள்! ஊர் சுற்றப் போன இடத்தில் பூச்சி தேட நம்மை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? நாம் கரையேறுவதற்குள் இரண்டு பஸ்களும் கிளம்பிவிட்டன. அந்த பஸ்ஸில் இருப்பார் என்று இவர்களும், இந்த பஸ்ஸில் இருப்பார் என்று அவர்களும் நினைத்துக்கொண்டார்களாம்.

"மாதாவே!" என்று தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்தீர்கள். நானும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது?

"ஏன் தம்பி, என் கடையை மூட வைக்காம விடமாட்டேன்னு சொன்னீங்களாமே?" என்று கேட்டீர்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நானா? நீங்கதாண்ணே அப்படிச் சொன்னதா கம்பெனி சேல்ஸ் ரெப்பு சொன்னான்."

"எங்கிட்டயும் அவன்தான் சொன்னான்."

ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோமே, அப்படியொரு சிரிப்பை நான் அதற்குமுன் சிரித்ததில்லை. நம்மை மோதவிட்டுச் சரக்குத் தள்ளியவனும் அவன்தான், டூருக்குக் கூட்டிவந்து ஒரே வரப்பில் உட்காரவைத்தவனும் அவன்தான். பஸ் நம்மைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தபோது ஒன்றாக ஏறினோம்.

கூட்டாக வெளிநாடு போய்வந்தால் வியாபாரிகளுக்குள் உறவு வளரும் என்று கம்பெனிக்காரர்கள் மேடையில் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் உண்மைதான். ஊரில் ஒரு தெருவைத் தாண்ட மனம் வராமல், கடல் தாண்டிப் போய்த்தானே பேசினோம்.

அடுத்த சம்பாப் பருவத்தில் நான் விற்ற விதைநெல் முளைக்கவில்லை. விவசாயிகள் என் கடையைச் சூழ்ந்துகொண்டார்கள். "கடையைப் பூட்டுங்கடா" என்று ஒருவர் ஷட்டரையே பிடித்து இழுத்தார். அன்றோடு என் பிழைப்பு போயிருக்கும். நீங்கள் தெருவைக் கடந்து வந்து என் பக்கத்தில் நின்றீர்கள்.

"இதே விதைய நானும்தாங்க வித்திருக்கேன். ரெண்டு பேருமா கம்பெனிக்குப் போயி மாத்து விதை வாங்கித் தர்றோம்" என்றீர்கள்.

அதுவரை உங்களிடம் கேட்டு ஒருவர்கூட வரவில்லை. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என் வாடிக்கையெல்லாம் உங்களுக்குத்தான். சேர்ந்து போய்க் கேட்டதால் கம்பெனியும் தட்டமுடியாமல் மாற்று விதை கொடுத்தது. அன்றிலிருந்து நீங்கள் எனக்குக் கூடப்பிறந்தவர்தான், அண்ணே.

நீங்கள் இல்லாத கடையை இப்போது உங்கள் மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் மருந்து அடித்துப் பயிர் கருகிவிட்டதென்று அவள் கடை முன்னால் ஒரே கூச்சல். அவள் வெளிறிப்போய் நின்றாள். என் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"நீங்க யாருங்க நடுவுல? சொந்தக்காரரா?" என்று கேட்டார் முன்னால் நின்ற இளைஞர்.

"இல்லைங்க. இவங்க அப்பாவோட மலேசியா போனவன்" என்றேன்.

கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள். நான் நகரவில்லை.