மைதீன் வாங்கிய குதிரையின் வலது கண்

செங்கல்பட்டு,
11.8.1974

அண்ணன் ஹயாத் பாஷாவுக்கு ஷஹர்பானு எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். நலம் விசாரிக்க மனம் வரவில்லை. எப்போதும் நீங்கள் என்றுதான் எழுதுவேன், இந்தத் தடவை கை வரவில்லை. நீ பெங்களூரில் ஒளிந்திருக்கும் விலாசத்தை உன் பெண்சாதி சைனம்புவிடம் கெஞ்சித்தான் வாங்கினேன்.

ஏப்ரலில் நீ தரகு பேசிப் பிடித்துக் கொடுத்த குதிரையை வண்டியில் பூட்டிக்கொண்டு, போன மாதம் என் வீட்டுக்காரர் ஸ்டேஷனிலிருந்து திருக்கழுக்குன்றத்துக்குச் சவாரி போனார். வண்டியில் இருந்தது எல்லம்மாள் மட்டும். மாமல்லபுரத்தில் கல் உடைக்கிறவள். ஏரிக்கரை வளைவில் ஒரு ஜல்லி லாரி ஆரன் அடித்துக்கொண்டு வலது பக்கமாக முந்தியது. லாரி பக்கத்தில் வரும்வரை குதிரைக்கு அது தெரியவே இல்லை. சத்தத்தில் மிரண்டு இடது பக்கம் பாய்ந்தது. வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து எல்லம்மாளின் வலது கை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தாறுமாறாக ஓட்டினார் என்று போலீஸ் இவர்மேல் கேஸ் எழுதியிருக்கிறது. கையை இழந்தவளே கட்டிலில் படுத்துக்கொண்டு, "அவரு இன்னா பண்ணுவாரு, குதிர அவரு பேச்ச கேக்கலியே" என்று சொன்னாள். அதை யார் எழுதிக்கொண்டார்கள்?

நான் பஸ் ஏறி மதுராந்தகம் போனேன். உன்னிடம் குதிரையை விற்கக் கொடுத்த ரைஸ் மில் ஜானகிராமனைப் பார்த்தேன். வலது கண்ணில் பார்வை போய் இரண்டு வருஷம் ஆயிற்று, வெளியே பார்த்தால் தெரியாது, பாஷாவிடம் சொல்லித்தான் கொடுத்தேன் என்றார். நீ எங்களிடம் சொன்னாயா? வாங்குகிற அன்று இவர் கண்ணைப் பற்றிக் கேட்டபோது டாக்டர் சர்டிபிகேட்டை நீட்டினாய். வலது பக்கம் சத்தம் கேட்டால் மிரளுகிறது என்று பிறகு இவர் வந்து சொன்னபோது, "புது எடம் மச்சான், பழகிடும்" என்று சிரித்தாய்.

சர்டிபிகேட் கொடுத்த மாட்டு டாக்டர் கோதண்டராமனிடமும் போனேன். அந்தக் கண்ணுக்கு இரண்டு வருஷமாக மருந்து போட்டதே அவர்தான். அவரே இரண்டு கண்ணும் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டது புரோக்கர்தானே, உன் வீட்டுக்காரர் என்னை ஒன்றும் கேட்கவில்லையே என்றார். எங்கள் கேஸைப் பார்க்கும் வக்கீல் ராமதாஸ் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். வாங்குகிறவன் அதை நம்பித்தான் வாங்குவான் என்று தெரிந்தே எழுதிக் கொடுத்தால், யார் கூப்பிட்டிருந்தாலும் எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் தரகு வாங்கிக்கொண்டு, தெரிந்ததை மறைத்த தரகன் அவருக்கும் முன்னால் நிற்க வேண்டும்.

பழி தன் தலையில் விழப்போகிறது என்று டாக்டருக்குப் புரிந்துவிட்டது. மேஜையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் போட்டார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? "கண் போனதை எழுத வேண்டாம் டாக்டர், நன்றாக இருக்கிறது என்றே எழுதுங்கள். வாங்குகிறவன் என் தங்கை புருஷன். நான் சொன்னால் அவன் மறுகேள்வி கேட்க மாட்டான்." படித்துவிட்டு அதை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். வேறு எவனையாவது ஏமாற்ற முடியாமல் எங்களிடம் வந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சுலபம் என்றுதானே எங்களைத் தேர்ந்தெடுத்தாய்?

அந்தக் காகிதம் இப்போது வக்கீலிடம் இருக்கிறது. கூடப்பிறந்தவனைக் காட்டிக் கொடுத்தாள் என்று ஜமாத்தில் பேசுவார்கள். பேசட்டும். எல்லம்மாள் இடது கையால் சாதம் பிசையப் பழகுவதைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

இன்னும் ஒன்று. அந்தக் காகிதத்தை இவருக்கு மட்டும் நான் படித்துக் காட்டவில்லை. "மச்சானுக்குத் தெரிஞ்சிருக்காது பானு, டாக்டருதான் அவன ஏமாத்திட்டாரு" என்று என்னிடமும், வருகிறவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

இருபத்தாறாம் தேதி கோர்ட்டில் அதைச் சத்தமாகப் படிப்பார்கள். அதற்கு முன்னால் வந்துவிடு. இவர் எதிரில் உட்கார்ந்து உன் வாயாலேயே சொல்லிவிடு. அந்தத் தைரியத்தை மட்டுமாவது அல்லாஹ் உனக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மைதீன் மனைவி ஷஹர்பானு