இரண்டாம் முறை உடைந்த அடைப்பு

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா? தைலம் தடவுகிறீர்களா? நான் நலம்.

நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் என் கடைவாய்ப் பல்லை அடைத்துவிட்டார். பல் நிறத்துப் பிசின். நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடும். மற்றவர்களுக்கு வருஷக்கணக்கில் உழைக்கிறது. எனக்கு மட்டும் இரண்டாம் முறையும் உடைந்துவிட்டது.

"பிசின் மேல குத்தம் இல்லம்மா. தூக்கத்துல நீ பல்லை நறநறன்னு கடிக்கிறே. மனசுல கவலை இருந்தா சிலர் அப்படிக் கடிப்பாங்க. பக்கத்துல படுக்கிறவங்களைக் கேட்டுப் பாரு" என்றார் டாக்டர்.

என் அறையில் கேட்க யாருமில்லை. இங்கே வரும்வரை உங்கள் பக்கத்தில்தானே படுத்தேன்? அப்போதும் கடித்தேனா? யோசித்து எழுதுங்கள்.

அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், ஓடுகிறேன். அப்போது கடிக்கவில்லை என்றால், அதை மட்டும் எழுத வேண்டாம்.

உங்கள் சின்னவள்